தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களின் வேதியியல் கேள்விகள்

தனிமம், சேர்மம், கலவை ஆகியவை குறித்துச் சென்ற இதழில் எழுதிய சிறு குறிப்புக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்திருக்கின்றன. அந்தக் குறிப்பைப் படிக்காதவர்களுக்காக அதன் சாரம்: ஒரே வகை அணுக்களால் ஆனது தனிமம், வெவ்வேறு தனிமங்கள் குறிப்பிட்ட விகிதத்தில் வேதிப் பிணைப்பால் சேர்ந்து, தம் பழைய குணத்தை இழந்து உருவாவது சேர்மம், எந்த விகிதத்திலும் சேர்ந்து, தத்தம் குணத்தை விடாமல் இருப்பது கலவை. சேர்மத்தைப் பிரிக்க வேதிவினை வேண்டும். கலவையைப் பிரிக்க, அதில் உள்ள பொருள்களுக்கிடையே எடை, உருவளவு, கொதிநிலை, கரைதிறன் என ஏதாவது ஒரு பண்பில் வேறுபாடு இருந்தால் போதும். அந்த வேறுபாடு எது என்பதைக் கண்டுபிடிப்பதில்தான் வேலையே இருக்கிறது. இனிக் கேள்விகள்.

மதிப்பிற்குரிய ஐயா, ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகளின் பாடநூலில் நீர் ஒரு சேர்மம் என்று இருக்கிறது. எங்கள் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்று சோதனை செய்தவர்கள் சொன்னார்கள். அப்படியானால் அந்தத் தண்ணீர் சேர்மமா, கலவையா? பார்ப்பதற்கு அது மிகத் தெளிவாக இருக்கிறது. துணியில் வடிகட்டி, கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறோம். அது போதாதா?
– வாசகர், காரிமங்கலம்

பாடநூல் சொல்வதும் சரி, சோதனை செய்தவர்கள் சொன்னதும் சரி. பாடநூல் பேசும் நீர், ஹைட்ரஜன் அணு இரண்டும் ஆக்சிஜன் அணு ஒன்றும் பிணைந்த மூலக்கூறுகளைத் தவிர வேறெதுவும் இல்லாத தூய நீர். அதை எந்த ஊரில் எடுத்துச் சோதித்தாலும் 18 கிராமில் 2 கிராம் ஹைட்ரஜனும் 16 கிராம் ஆக்சிஜனும்தான் இருக்கும். இங்கிலாந்தில் நிக்கல்சனும் கார்லைலும் 1800-ஆம் ஆண்டில் மின்சாரம் பாய்ச்சி நீரை அந்த இரண்டு வாயுக்களாகவே பிரித்துக் காட்டினார்கள். உங்கள் போர் தண்ணீர் என்பது அந்தச் சேர்மத்தில் கால்சியம், மக்னீசியம், சோடியம் ஆகியவற்றின் உப்புகளும், ஃபுளோரைடும், சிறிது காற்றும் கரைந்திருக்கும் ஒருபடித்தான கலவை, அதாவது கரைசல். அடுத்த கொல்லையில் போட்ட போரில் இவற்றின் அளவு வேறாக இருக்கும், உங்கள் போரிலேயே கோடைக்கும் மழைக்காலத்துக்கும் மாறும் என்பதே அது கலவை என்பதற்குச் சான்று.

ஃபுளோரைடு என்ற சொல்லைக் கேட்டதும் ஃபுளோரின் வாயு தண்ணீரில் கலந்திருப்பதாகச் சிலர் அஞ்சுகிறார்கள். ஃபுளோரின் என்னும் தனிமம் வெளிர்மஞ்சள் நிற வாயு. எதைக் கண்டாலும் வினைபுரிந்துவிடும் குணம் அதற்கு இருப்பதால், பலர் முயன்று தோற்ற பிறகு, 1886-இல்தான் பிரான்சைச் சேர்ந்த ஆன்றி முவாசான் அதைத் தனியே பிரித்தெடுத்தார். 1906-இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசுக்கு அதுவும் ஒரு காரணம். இயற்கையில் அது தனித்துக் கிடைப்பது மிக மிக அரிது. உங்கள் மண்ணுக்கு அடியில் கிடக்கும் கிரானைட், நைஸ் வகைப் பாறைகளிலுள்ள ஃபுளோரைட், அப்படைட், கருப்பு மைக்கா போன்ற கனிமங்களில் அது சேர்மமாகக் கட்டுண்டு கிடக்கிறது. பாறை வெடிப்புகளில் நெடுங்காலம் தங்கும் நீர் அந்தக் கனிமங்களை மெல்லக் கரைக்கும்போது, மின்சுமை கொண்ட ஃபுளோரைடு அயனியாக நீரில் இறங்கிவிடுகிறது. நீரில் கால்சியம் குறைவாகவும் காரத்தன்மை கூடுதலாகவும் இருந்தால் இது இன்னும் எளிதாக நடக்கும்.

இப்போது உங்கள் துணிக்கு வருவோம். துணியின் இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை விடப் பெரிதாக உள்ளதைத்தான் துணி தடுக்கும். மண்ணும் பாசியும் தங்கும். நீர் மூலக்கூறைப் போலவே மிகச் சிறிதான அயனி நீரோடு சேர்ந்து போய்விடும். கொதிக்க வைப்பது கிருமிகளைக் கொல்வதற்கு நல்லது, ஆனால் ஃபுளோரைடைப் பொறுத்தவரை நிலைமையைக் கெடுக்கவே செய்யும். ஆவியாகிப் போவது நீர் மட்டும். உப்புகள் பாத்திரத்திலேயே நிற்கும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் ஃபுளோரைடு உள்ள இரண்டு லிட்டர் நீரைச் சுண்டக் காய்ச்சி ஒரு லிட்டராக்கினால், அதில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் இருக்கும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் ஆதாரமே இல்லாவிட்டால் 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கலாம். பல் உருவாகும் வயதில் இருக்கும் குழந்தைகள் அதற்கு மேல் தொடர்ந்து குடித்தால் பல்லில் காவிக் கறை படியும். மிக அதிகமான அளவைப் பல ஆண்டுகள் குடிப்பவர்களுக்கு எலும்பும் மூட்டும் பாதிக்கப்படும்.

எழும் ஆவியைப் பிடித்துக் குளிரவைத்துக் குடித்தால் ஃபுளோரைடு இராது. காய்ச்சி வடித்தல் என்பது அதுதான். செலவைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் நீரை முழுக்க ஆவியாக்க வீட்டு அடுப்பில் சுமார் 100 கிராம் எரிவாயு பிடிக்கும், 14.2 கிலோ சிலிண்டர் ஏறத்தாழ 140 லிட்டரில் தீர்ந்துபோகும். ஆகவே வேறு வழிகளைத்தான் நாட வேண்டியிருக்கிறது. நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய நல்கொண்டா முறையில், படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துக் கலக்குவார்கள். அப்போது உண்டாகும் அலுமினியம் ஹைட்ராக்சைடு பஞ்சு போன்ற திரளாகி, ஃபுளோரைடைத் தன்மேல் ஒட்ட வைத்துக்கொண்டு அடியில் படியும், தெளிந்த நீரை இறுத்துக்கொள்ளலாம். படிகாரத்தின் அளவு நீரின் காரத்தன்மையைப் பொறுத்தது என்பதால் வீட்டில் குத்துமதிப்பாகச் செய்யக் கூடாது. அளவு தவறினால் அலுமினியம் நீரில் தங்கிவிடும். ஆர்.ஓ. கருவியின் சவ்வும் ஃபுளோரைடைப் பெருமளவு தடுக்கும், ஆனால் அது வெளியே தள்ளும் கழிவு நீரில் ஃபுளோரைடு செறிந்திருக்கும். அதைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். உங்கள் இரு மாவட்டங்களுக்கும் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இந்தப் பிரிக்கும் வேலையையே தவிர்த்துவிட்டு, ஃபுளோரைடு குறைந்த காவிரி நீரைக் கொண்டுவருகிறது. அந்தக் குழாய் உங்கள் தெருவுக்கு வருகிறதென்றால், குடிக்கவும் சமைக்கவும் அதையே வைத்துக்கொண்டு, போர் தண்ணீரைப் புழக்கத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

ஐயா, இரும்புத்தூளையும் கந்தகத்தையும் கலந்து சூடாக்கிப் பார்க்கும் சோதனையைப் பள்ளியில் செய்தோம். கிடைத்த கருப்புத் திண்மத்தைக் காந்தம் இழுத்தது. "இரும்பு சல்ஃபைடைக் காந்தம் இழுக்காது, இழுக்கவில்லை என்றே எழுது" என்று சொல்லிவிட்டார்கள். எது சரி?
– மாணவன், ஊத்தங்கரை

பார்த்ததை எழுதுவதே சரி, தம்பி. இழுத்தது என்று எழுதிவிட்டு, ஏன் இழுத்திருக்கும் என்று அடுத்த வரியில் எழுது.

முதல் காரணம் விகிதம். இரும்பின் அணு நிறை 56, கந்தகத்தினுடையது 32. ஆகவே 7 கிராம் இரும்புக்கு 4 கிராம் கந்தகம் என்ற கணக்கில்தான் இரண்டும் மிச்சமின்றிச் சேரும். அதைவிட இரும்பைக் கூடுதலாகப் போட்டிருந்தால், கூடுதலான இரும்பு வினைபுரியாமல் இரும்பாகவே நிற்கும். தராசில் சரியாக நிறுத்திருந்தாலும், சோதனைக்குழாயைச் சூடாக்கும்போது கந்தகத்தில் ஒரு பங்கு ஆவியாகிக் குழாயின் மேற்பகுதியில் மஞ்சளாகப் படிந்துவிடும் அல்லது நீல நிறச் சுடருடன் எரிந்து போய்விடும். அப்போதும் இரும்பு மிஞ்சும். உன் குழாயின் கழுத்தில் மஞ்சள் படிவு இருந்ததா என்று நினைத்துப் பார். இரண்டாவது காரணத்தைப் பாடநூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. இரும்பு சல்ஃபைடுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட வகை உண்டு. இரும்பு சற்றுக் குறைந்து, கந்தகம் சற்று மிகுந்த ஒரு வகையைக் காந்தம் இழுக்கும்.

காந்தம் ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டுவது ஏன் ஆகாது என்பதை உன் ஊரிலேயே பார்க்கலாம். தென்பெண்ணை ஆற்று மணலில் ஒரு காந்தத்தைப் புரட்டி எடு. கருப்புத் துகள்கள் மீசை போல ஒட்டிக்கொண்டு வரும். அவை இரும்பு அல்ல, இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த மேக்னடைட் என்னும் சேர்மம். காந்தம் இழுத்துவிட்டது என்பதால் அது தனிமமாகிவிடாது. சோதனைத் திண்மத்தைச் சேர்மம்தானா என்று உறுதி செய்ய வேண்டுமென்றால், ஆசிரியர் முன்னிலையில், காற்றோட்டமான இடத்தில், அதன் ஒரு சிறு துணுக்கில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடச் சொல். தூய இரும்பிலிருந்து மணமற்ற ஹைட்ரஜன் குமிழியிடும். இரும்பு சல்ஃபைடிலிருந்து அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும். அது நச்சு வாயு, எனவே முகர்ந்து பார்க்க முகத்தை அருகில் கொண்டுபோகக் கூடாது, தானாகவே தெரிந்துவிடும்.

பாலில் கலந்த தண்ணீரைத் தனியே பிரித்துக் காட்ட முடியுமா?
– வாசகி, மத்தூர்

அன்னப்பறவைக்கு மட்டுமே முடியும் என்று நம் புலவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். வேதியியலில் முடியாது. பசும்பாலில் ஏற்கெனவே ஏறத்தாழ 87 விழுக்காடு நீர்தான். மாடு கொடுத்த நீருக்கும் பால்காரர் ஊற்றிய நீருக்கும் எந்தப் பண்பிலும் வேறுபாடு கிடையாது என்பதால், ஒன்றை விட்டு மற்றொன்றை எடுக்க வழியில்லை. பாலிலிருந்து கொழுப்பைப் பிரிக்கலாம், அது நீரைவிட இலேசானது. கடைந்தோ, மைய விலக்குப் பொறியில் சுழற்றியோ எடுத்துவிடலாம். தயிர்ப்புளிப்போ எலுமிச்சையோ விட்டால் புரதம் திரிந்து பிரியும். எஞ்சிய நீரில் எவ்வளவு யாருடையது என்பது மட்டும் தெரியாது.

பிரிக்க முடியாவிட்டாலும் கண்டுபிடிக்க முடியும். சொசைட்டியில் போடும் லாக்டோமீட்டர் பாலின் அடர்த்தியைக் காட்டுகிறது. நல்ல பால் நீரைவிடச் சுமார் 1.03 மடங்கு அடர்த்தியானது, நீர் சேர்த்தால் குறையும். ஆனால் ஏடெடுத்த பாலின் அடர்த்தி கூடுதல் என்பதால், ஏட்டையும் எடுத்துவிட்டு நீரையும் ஊற்றினால் அந்தக் கருவியை ஏமாற்றிவிடலாம். கொழுப்பையும் சேர்த்து அளப்பது அதனால்தான். இன்னும் நுட்பமான முறை உறைநிலையை அளப்பது. பால் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே, மைனஸ் அரை டிகிரி செல்சியஸை ஒட்டி உறையும். நீர் சேரச் சேர அது பூஜ்யத்தை நோக்கி நகரும்.

ராகியில் கல் இருந்தால் முறத்தில் புடைத்தும் போவதில்லை, சல்லடையில் சலித்தும் போவதில்லை. தண்ணீரில் அரித்தால் மட்டும் போய்விடுகிறது. மாமியார் வழிவழியாக இப்படித்தான் செய்கிறார். இதற்கு அறிவியல் காரணம் உண்டா?
– வாசகி, தேன்கனிக்கோட்டை

இத்தனை கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான்.

சல்லடை உருவளவை மட்டும் பார்க்கிறது. ராகி மணி ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான். அதே பருமன் உள்ள கல்லுக்கும் அதற்கும் சல்லடையின் கண் வேறுபாடு காணாது. பெரிய கல் மேலே நிற்கும், பொடி மண் கீழே இறங்கும், மணியளவுக் கல் மணியோடேயே இருக்கும். புடைக்கும்போது வேலை செய்வது காற்று. உமியும் தூசியும் இலேசாகவும் பரப்பு மிகுந்தும் இருப்பதால் காற்றில் பின்தங்கி முறத்தின் நுனிக்குப் போய் வெளியே விழுகின்றன. கல்லோ மணியோடு சேர்ந்தே மடியில் விழுகிறது.

அரிக்கும்போது நிலைமை மாறுகிறது. ஒரே பருமனுள்ள கல்லையும் மணியையும் எடுத்துக்கொண்டால், கல்லின் அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ 2.6 மடங்கு, தானியத்தினுடையது சுமார் 1.35 மடங்கு. காற்றில் கல் மணியைவிட இரண்டு மடங்குக்கும் சற்றுக் குறைவான எடை. நீருக்குள் இறக்கினால், ஒவ்வொன்றும் தான் விலக்கிய நீரின் எடையை இழக்கிறது: கல்லுக்கு மிஞ்சுவது 1.6, மணிக்கு மிஞ்சுவது 0.35. வேறுபாடு இரண்டு மடங்கிலிருந்து நான்கு மடங்குக்கும் மேலாகிவிட்டது. உங்கள் மாமியார் பாத்திரத்தைச் சாய்த்து அலசும்போது மணிகள் நீரோடு எழுந்து அடுத்த பாத்திரத்தில் விழுவதும், கற்கள் அடியிலேயே சுழன்று நிற்பதும் இதனால்தான். கடைசியில் அடியில் ஒரு பிடி மணியும் கல்லும் சேர்ந்து நிற்குமே, அதற்கு இன்னொரு முறை நீர் விட்டு மெதுவாகச் சுழற்றினால் போதும். அரித்த ராகியை நன்றாகக் காயவைக்காமல் மில்லுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெரிய ஆலைகளில் கல் நீக்கும் இயந்திரம் நீரில்லாமலே, சாய்ந்த அதிரும் தட்டின் அடியிலிருந்து காற்றை ஊதி இதே வேலையைச் செய்கிறது.

குவாரியில் வேலை செய்கிறேன். நாங்கள் எடுக்கும் கருப்புக் கிரானைட் எந்தச் சேர்மம்?
– வாசகர், பர்கூர்

சேர்மம் அல்ல, சேர்மங்களின் கலவை. மெருகேற்றாத உடைந்த முகத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். கருமையான துகள்களுக்கு நடுவே சாம்பல் நிறக் கம்பி கம்பியான படிகங்கள் தெரியும். கருமையானது பைராக்சீன், சாம்பல் நிறமானது பிளாஜியோகிளேஸ் என்னும் ஃபெல்ஸ்பார். இரண்டும் சிலிக்கேட்டுகள், அதாவது சிலிக்கானும் ஆக்சிஜனும் முதன்மையாக அமைந்து, இரும்பு, மக்னீசியம், கால்சியம், சோடியம், அலுமினியம் ஆகியவற்றில் சிலவற்றைச் சேர்த்துக்கொண்ட சேர்மங்கள்.

வியாபாரத்தில் கிரானைட் என்று விற்றாலும், புவியியலார் இந்தக் கருப்புக் கல்லை டோலரைட் என்கிறார்கள். பழைய பாறையின் நீண்ட வெடிப்புகளில் பாறைக் குழம்பு ஏறி உறைந்ததால்தான் உங்கள் குவாரிகள் கோடு பிடித்தாற்போல ஒரே திசையில் ஓடுகின்றன. உண்மையான கிரானைட்டில் குவார்ட்ஸ் தாராளமாக இருக்கும். கிருஷ்ணகிரியின் பாரடைசோ கல்லில் அலை அலையாகத் தெரியும் வெளிர்நிறப் பட்டைகளில் குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் பிரிந்து நிற்பதைக் கண்ணாலேயே காணலாம். அறுக்கும்போது பறக்கும் தூளில் அந்தக் குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா, நுரையீரலுக்குக் கேடு. நீர் ஊற்றி அறுப்பதையும், தூசியைத் தடுக்கும் முகக்கவசத்தையும் விடாதீர்கள்.

மாங்கூழ் கரைசலா?
– மாணவி, காவேரிப்பட்டணம்

அதன் நீரில் கரைந்திருக்கும் சர்க்கரையும் அமிலமும் கரைசல்; அந்த நீரில் மிதக்கும் நாரும் சதைத் துகளும் தொங்கல். ஆகவே மொத்தத்தில் பலபடித்தான கலவை. தொழிற்சாலையில் கொட்டையும் தோலும் போவது சல்லடை கொண்ட பொறியில்தான்.

எங்கள் கொல்லையில் கரும்பாலை போட்டு வெல்லம் காய்ச்சுகிறோம். கரும்புப் பாலில் சுண்ணாம்பு ஏன் சேர்க்க வேண்டும்? சர்க்கரை ஆலைக்காரர்களுக்கு மட்டும் படிகமாக வருகிறது, எங்களுக்கு ஏன் கட்டியாக வருகிறது?
– வாசகர், பாப்பாரப்பட்டி

கரும்புப் பாலில் பெரும்பங்கு நீர். அதில் கரைந்திருக்கும் முதன்மைப் பொருள் சுக்ரோஸ். அதனோடு சிறிது குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், கரிம அமிலங்கள், புரதம், மெழுகு, தாது உப்புகள், நார்த்தூள் எல்லாம் உண்டு. பால் இயல்பிலேயே இலேசான அமிலத்தன்மை கொண்டது, அதுவும் வெட்டிய கரும்பை ஆலையில் போடாமல் நாள் கடத்தினால் கூடும். அமிலத்தோடு கொதிக்கும்போது சுக்ரோஸ் நீரை எடுத்துக்கொண்டு குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைகிறது: 342 கிராம் சுக்ரோஸும் 18 கிராம் நீரும் சேர்ந்து 180 கிராம் வீதம் இரண்டு சர்க்கரைகளாகும். இது வேதிமாற்றம், கொப்பரையில் திரும்பச் சேர்க்க முடியாது. அப்படி உடைந்த சர்க்கரைகள் எளிதில் இறுகுவதில்லை. காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். வெல்லம் பிசுபிசுத்து உருகுவதற்கு அதுதான் காரணம். சுண்ணாம்பு அந்த அமிலத்தைச் சமப்படுத்துகிறது. அதோடு, சூட்டில் திரளும் புரதத்தையும் வேறு அழுக்குகளையும் சேர்த்து மேலே நுரையாகக் கொண்டுவருகிறது. நீங்கள் கரண்டியால் அழுக்கெடுப்பது அதைத்தான். கூடுதலாகப் போட்டால் வெல்லம் கருத்துப்போகும் என்பது உங்களுக்கே தெரியும். உடைந்த சர்க்கரைகளைக் காரம் பழுப்பு நிறப் பொருள்களாக மாற்றுவதால் அது நேர்கிறது. அந்தக் கருமையை மறைக்க ஹைட்ராஸ் போட்டு வெளுக்க வைக்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. அது நிறத்தை மாற்றுகிறதே தவிர அழுக்கைப் பிரிப்பதில்லை.

படிகம் பற்றிய கேள்விக்கு: நீங்கள் செய்வது பிரித்தல் அல்ல, நீரைப் போக்குதல் மட்டுமே. பாகு பதம் வந்து, 115 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் இறக்கி, கிண்டி, அச்சில் வார்க்கும்போது சுக்ரோஸும் மற்றவையும் சேர்ந்தே இறுகுகின்றன. வெல்லத்தின் நிறமும் மணமும் இரும்புச் சத்தும் அந்த மற்றவற்றில்தான் இருக்கின்றன. ஆலையில் காற்றழுத்தத்தைக் குறைத்த மூடிய கலங்களில், குறைந்த சூட்டிலேயே பாகைச் சுண்டவைக்கிறார்கள். சுக்ரோஸ் மட்டும் படிகமாக வளர நேரம் கொடுத்து, பிறகு துளையிட்ட கூடையில் வேகமாகச் சுழற்றுகிறார்கள். படிகங்கள் கூடையில் தங்க, கழிவுப்பாகு துளை வழியே தெறித்து வெளியேறுகிறது. படிகம் வளரும்போது தன் அமைப்போடு பொருந்தும் மூலக்கூறுகளையே சேர்த்துக்கொள்வதால் சர்க்கரை தூய்மையாகிறது.

எங்கள் மாவட்டத்து மயிலாடும்பாறையில் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய இரும்பு கிடைத்ததாகப் படித்தோம். இரும்பு உருக அவ்வளவு வெப்பம் வேண்டுமே, அந்தக் காலத்தில் எப்படிப் பிரித்தார்கள்?
– ஆசிரியர் ஒருவர், கிருஷ்ணகிரி

இரும்புப் பொருள்கள் கிடைத்த மண்ணடுக்கின் மாதிரியைக் கதிரியக்கக் கரிம முறையில் ஆராய்ந்ததில் கி.மு. 2172 என்று காலம் கிடைத்ததாக 2022-இல் தமிழக அரசு அறிவித்தது. உங்கள் ஐயம் நியாயமானது: இரும்பு உருக 1538 டிகிரி செல்சியஸ் வேண்டும், பழங்கால மண் உலைகளில் அது கிடைக்காது. ஆனால் இரும்பைப் பிரிக்க அதை உருக்க வேண்டியதில்லை.

ஹேமடைட் என்னும் இரும்புத்தாது, இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த சேர்மம். அதன் 160 கிராமில் 112 கிராம் இரும்பு. அதை எவ்வளவு நுணுக்கினாலும், அரித்தாலும் இரும்பு வராது, மண் மட்டுமே போகும். ஆக்சிஜனை இரும்பிடமிருந்து பறிக்க வேறொன்று வேண்டும். துருத்தி ஊத, மரக்கரி அரைகுறையாக எரிந்து உண்டாகும் கார்பன் மோனாக்சைடு அந்த வேலையைச் செய்துவிட்டுக் கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடுகிறது. இது வேதிவினை, 1200 டிகிரியை ஒட்டிய வெப்பமே இதற்குத் தாராளம். இங்கே வரையிலும்தான் பெரும்பாலான பாடநூல்கள் சொல்கின்றன. அடுத்து நடப்பது ஒரு கலவையைப் பிரிக்கும் வேலை. தாதுவோடு வந்த மணல், இரும்பு ஆக்சைடில் ஒரு பங்கைச் சேர்த்துக்கொண்டு ஏறத்தாழ அதே 1200 டிகிரியில் உருகிச் சிட்டமாகிவிடுகிறது. இரும்பு திண்மமாக இருக்க, சிட்டம் நீர்மமாகிக் கீழே வழிகிறது. உலையில் மிஞ்சுவது துளை துளையான இரும்புக் கட்டி. அதன் துளைகளில் ஒட்டிய சிட்டத்தைப் பழுக்கக் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து அடித்துப் பிழிந்து எடுக்கிறார்கள். மாணவர்களுக்கு இதைக் கற்பிக்கும்போது, வேதிமுறை எங்கே முடிகிறது, பௌதிக முறை எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்டுங்கள். ஒரே உலையில் இரண்டையும் காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

அரூர் பக்கம் மாலிப்டினம் இருக்கிறதாமே, தனிமமாகவே கிடைக்குமா?
– வாசகர், மொரப்பூர்

கிடைக்காது. 42 என்ற அணு எண் கொண்ட மாலிப்டினம், கந்தகத்தோடு சேர்ந்த மாலிப்டினைட் என்னும் சேர்மமாகவே அங்குள்ள பாறைகளில் சிதறிக் கிடக்கிறது. பென்சில் கரியைப் போல வழவழப்பாக இருப்பதால் நெடுங்காலம் இரண்டையும் குழப்பிக்கொண்டார்கள். 1778-இல் சுவீடன் நாட்டு வேதியியலார் ஷீலே அதில் வேறொரு தனிமம் இருப்பதை அறிந்தார், 1781-இல் அதே நாட்டு யெல்ம் அதைப் பிரித்தெடுத்தார். இதில் சுவையானது கனிமத்தைப் பாறைத் தூளிலிருந்து எடுக்கும் விதம். மாலிப்டினைட் கல்லைவிடக் கனமானது, ஆனால் அது நீரில் நனையாது. தூளை நீரில் போட்டு, சிறிது எண்ணெய் சேர்த்து, அடியிலிருந்து காற்றை ஊதினால், நனையாத துகள்கள் குமிழிகளில் ஒட்டிக்கொண்டு மேலே நுரையாக வந்துவிடும். நனைந்த குவார்ட்ஸ் அடியில் கிடக்கும். அரிப்பதில் மேலே வந்தது இலேசானது. இங்கே மேலே வருவது கனமானது. அதன் பிறகு வறுத்து ஆக்சைடாக்கி, ஹைட்ரஜனால் ஆக்சிஜனை நீக்கினால்தான் தனிமம் கிடைக்கும்.

எங்கள் ஊர் மருத்துவமனையில் காற்றிலிருந்தே ஆக்சிஜன் பிரிக்கும் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். அதில் வருவது 93 விழுக்காடு ஆக்சிஜன்தான் என்றார்கள். சிலிண்டரில் 99-க்கும் மேல் என்கிறார்கள். இயந்திரத்தில் கோளாறா?
– வாசகர், ஓசூர்

கோளாறு இல்லை. சிலிண்டருக்கான ஆக்சிஜனைக் காற்றைக் குளிர்வித்துத் திரவமாக்கிப் பின்னக் காய்ச்சி வடித்தலால் எடுக்கிறார்கள். நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி செல்சியஸிலும், ஆர்கான் மைனஸ் 186-லும், ஆக்சிஜன் மைனஸ் 183-லும் கொதிக்கின்றன. இடைவெளி சிறிதானாலும் உயரமான கோபுரங்களில் மூன்றையும் பிரித்துவிடலாம். மருத்துவமனை இயந்திரம் குளிர்விப்பதில்லை. அழுத்திய காற்றைச் சியோலைட் என்னும் நுண்துளைக் கனிமத்தின் வழியே செலுத்துகிறது. நைட்ரஜன் அதன் பரப்பில் ஒட்டிக்கொள்ள, ஆக்சிஜன் கடந்து போகிறது. சியோலைட்டின் கண்ணுக்கு ஆர்கானும் ஆக்சிஜனும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆகவே இரண்டும் சேர்ந்தே வெளியே வருகின்றன. காற்றில் ஆக்சிஜன் 20.95 விழுக்காடு, ஆர்கான் 0.93 விழுக்காடு. நைட்ரஜனை ஒரு துளி விடாமல் நீக்கினாலும் மிஞ்சுவதில் ஆக்சிஜன் 95.7 விழுக்காட்டைத் தாண்டாது. சிறிது நைட்ரஜனும் தப்பி வருவதால் 93 என்று காட்டுகிறது. சிகிச்சைக்கு அதுவே போதுமானது.